மனசுக்குள் வாசிக்க ஒரு கருவி

என் அக்காள் சாலோமிக்குக் கை விழுந்துபோன பிறகு அந்த வீட்டில் வாசிப்புக்குக் குறைச்சலே இல்லாமல் போயிற்று. வாசித்துக் காட்ட ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவளாக வாசிக்கத்தான் வழியில்லை.

நோய்க்கு மருத்துவர் ஏதோ ஓர் ஆங்கிலப் பெயர் சொன்னார். நரம்புகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகும், கை கால் பேச்சு எல்லாம் அடங்கும், அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றார். அந்தக் கடைசி விஷயத்தை ஆறுதலாகத்தான் சொன்னார். வீடு திரும்பும்போது முருகன்குறிச்சி சிக்னலில் ஆட்டோ நின்றது. அக்காள் என் காதருகே குழறிக் குழறிச் சொன்னாள், அறிவு தெளிவாக இருக்கும் என்பதுதான் தனக்குப் பயமாக இருக்கிறது என்று. அந்த மருத்துவர்மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அவர் பாவம், உள்ளதைச் சொன்னார்.

அக்காள் நாங்குநேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்தவள். பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய்வருவாள். போகும்போதும் வரும்போதும் மடியில் ஒரு நூலகப் புத்தகம் இருக்கும். துப்பறியும் கதை, காதல் கதை, புருஷன் பெண்டாட்டி அடித்துக்கொண்டு பிரிகிற கதை என்று ஒன்றையும் விடமாட்டாள். என்ன வாசிக்கிறாய் என்று பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தால் அட்டையை மடியில் கவிழ்த்துக்கொள்வாள். ஒளித்துவைக்க அதில் ஒன்றும் இல்லை. அது அவளுடையது, அவ்வளவுதான். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அப்புறம் அத்தானுடைய குரல்தான் கேட்கும்.

இஸ்ரவேல் அத்தானுக்குக் கர்த்தர் கொடுத்தது அந்தக் குரல். சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்க எங்கள் சபையில் அவரை விட்டால் ஆள் கிடையாது. சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம். புதிதாக மாற்றலாகி வந்த ஐயர், அத்தான் வாசித்ததைக் கேட்டுவிட்டுப் பிரசங்க பீடத்தில் கொஞ்சம் தடுமாறித்தான் போனார். அத்தான் செய்தித்தாளையும் அதே குரலில்தான் வாசிப்பார். கரண்டு பில்லையும் அப்படித்தான். நல்ல மனுஷர். அக்காளை ஒரு சொல் கடிந்து பேசியதை நான் கேட்டதில்லை. ஆனால் அந்த வீட்டில் அவர் விழித்திருக்கிற நேரம் முழுக்க அவர் சத்தம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும்.

அக்காள் படுத்தபிறகு அவர் அந்தக் குரலை அவளுக்கென்றே எடுத்துவைத்தார். வேறு எதைக் கொடுக்க முடியும் அவரால்? காலையில் சங்கீதம், மத்தியானம் கதைப்புத்தகம், சாயங்காலம் மறுபடியும் சங்கீதம். கதையில் யாராவது யாரையாவது கட்டிப்பிடித்தால் அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பக்கத்தைத் தாண்டிவிடுவார். கொலை வந்தால் கொலைகாரன் யாராக இருக்கும் என்று தன் யூகத்தைச் சொல்வார். அது பெரும்பாலும் சரியாக இருந்துவிடும். அது போதாதென்று சபையிலிருந்து ஆட்கள் வருவார்கள். நோயாளி வீட்டுக்கு வருகிறவர்கள் வெறுங்கையாக வரலாம், வாசிக்காமல் போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆளுக்கு ஓர் அதிகாரம் வாசித்து, ஒரு ஜெபம் பண்ணி, காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். எழுந்துபோக முடிகிறவளுக்கு அதெல்லாம் ஆசீர்வாதம். அக்காளால் முகத்தைத் திருப்பக்கூட முடியாது.

நான் தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பேர் ஜெபக்கனி. புருஷன் போனபிறகு ஒரு தெரு தள்ளித் தனியாக இருக்கிறேன். அக்காளைக் குளிப்பாட்ட, துணி மாற்ற தினமும் காலையில் போவேன். அப்படி ஒரு நாள் தலை துவட்டும்போதுதான் அவள் கேட்டாள். அப்போது அவள் பேச்சு எனக்கும் அத்தானுக்கும் மட்டும்தான் விளங்கும்.

"ஜெபா, எனக்கு மனசுக்குள்ள வாசிக்கணும். ஒரு வழி பண்ணு."

 சரிக்கா என்று மட்டும் சொன்னேன்.

கை இல்லாமல் புத்தகம் பிடிப்பது எப்படி? அத்தானிடம் சொன்னபோது அவர் உடனே கோயம்புத்தூரில் இருக்கிற மகன் சுஜினுக்குப் போன் போட்டார். சுஜின் டேப்லெட் வாங்குங்கள் என்றான். பெரிய திரை, பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், அதுவே புத்தகத்தை வாசித்தும் காட்டும் என்றான். அத்தான் வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் போய், இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து வாங்கிவந்தார். அவள் கேட்டது வேறு என்று நான் சொல்லிப்பார்த்தேன். இதிலும் வாசிக்கலாம்தானே என்றார்.

வாசிக்கலாம்தான். ஆனால் அந்தக் கண்ணாடித் திரை ஜன்னலைக் காட்டியது, மின்விசிறியைக் காட்டியது, எதிரே நிற்கிறவர் தலையைக் காட்டியது, எழுத்தைக் காட்டவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினால் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வடியும். துடைத்துக்கொள்ளக் கை வேண்டாமா? பக்கம் திருப்ப விரலால் தொட வேண்டும், அதற்கும் யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். வருகிறவர்களுக்கு அந்தத் திரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆளாளுக்குத் தங்களுக்குப் பிடித்த பாடகரை, பிரசங்கியாரை அதில் போட்டுவிட்டு ஸ்தோத்திரம் சொன்னார்கள். அதுவாக வாசிக்கிற குரலை அத்தான் ஒரு நாள் போட்டுப் பார்த்தார். யாரோ ஒரு பெண்பிள்ளை மூக்கடைத்துக்கொண்டு வாசிப்பதுபோல இருந்தது. அத்தான் அதை அணைத்துவிட்டு, இதற்கு நானே மேல் என்று சொல்லி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அக்காள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று அவர் நினைத்து மெதுவான குரலில் வாசித்தார்.

அப்புறம் நானே இறங்கினேன். புத்தகம் வாசிக்க மட்டும் என்றே ஒரு கருவி இருக்கிறதென்று தபாலாபீசில் என்னோடு இருந்த ஸ்டெபி சொன்னாள். பாட்டுப் பாடாது, படம் காட்டாது, திரை காகிதம் மாதிரி மங்கலாக, கண்ணைக் கூசாமல் இருக்கும் என்றாள். திருநெல்வேலியில் கடை கடையாகக் கேட்டேன். யாரும் வைத்திருக்கவில்லை. ஆன்லைனில்தான் கிடைக்கும் அம்மா, இங்கன யாரு கேக்கா என்றார்கள். போனில் தேடினால் குவிந்து கிடக்கிறது. ஒன்று தண்ணீரில் விழுந்தாலும் கெடாதாம். அவளை நான் எங்கே ஆற்றங்கரைக்கா கூட்டிப்போகப் போகிறேன்? ஒன்று இறகைவிட லேசாம். தூக்க முடியாதவளுக்கு லேசென்ன, கனமென்ன. ஒன்றில் ஆயிரக்கணக்கில் புத்தகம் வைத்துக்கொள்ளலாமாம். அதைப் படித்தபோது போனை விட்டெறியலாம்போல இருந்தது.

அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். அதற்குள் பேச்சு ரொம்பவும் விழுந்துவிட்டது. ஆமாம் என்றால் கண்ணை மூடித் திறப்பாள், இல்லையென்றால் வெறித்துப் பார்ப்பாள். தமிழ் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி நிற்கும் என்று பார்த்தோம். சின்னத் திரை வேண்டாம் என்றாள். அது தனக்குள்ளேயே வெளிச்சம் உள்ளதாக இருக்க வேண்டும், விளக்குப் போடச் சொல்லி ஆளைக் கூப்பிட முடியாது என்பதையும் எப்படியோ எனக்குப் புரியவைத்தாள். முக்கியமான விஷயத்தை நான்தான் கண்டுபிடித்தேன். ஒரு வகைக்கு மட்டும், தூர வைத்து அழுத்துகிற ஒரு சின்னப் பொத்தான் தனியாகக் கிடைத்தது. அழுத்தினால் பக்கம் திரும்பும், கம்பி கிடையாது. அக்காளுக்கு வலது கால் பெருவிரல் அப்போது அசைந்துகொண்டிருந்தது. பொத்தானின் படத்தைக் காட்டிவிட்டு அவள் பாதத்தைத் தொட்டேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். மறுபடியும் மறுபடியும் மூடித் திறந்தாள். நான் வாங்கிவிட்டேன்.

எங்கள் சபைக் கோவிலில் பாடகர் குழு நோட்டு வைத்துப் பாடுகிற இரும்பு ஸ்டாண்டு ஒன்று கேட்டு வாங்கி, கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தி, கருவியை அதில் கிளிப் போட்டு மாட்டினோம். பொத்தானைப் பஞ்சு வைத்துப் பெருவிரலுக்குக் கீழே கட்டினேன். அதில் புத்தகம் வாங்குகிற கணக்கை என் பேரில் திறந்தேன். சுஜினுக்குக்கூட அவள் என்ன வாசிக்கிறாள் என்று தெரியக் கூடாது. புத்தகங்களின் அட்டைகளைக் காட்டுவேன், அவள் கண்ணை மூடினால் அதை இறக்குவேன். என்னென்ன இறக்கினேன் என்று இங்கேயும் சொல்லப்போவதில்லை.

முதல் பக்கம் அவள் விரலுக்குத் திரும்பியது. அக்காள் முகத்தில் தசை ஏது, சிரிக்க? ஆனால் பெருவிரல் மறுபடி அழுந்தியது, மறுபடி. நான் சமையற்கட்டுக்குப் போய் நின்று அழுதேன். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற பழைய சாலோமி திரும்பி வந்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அத்தானுக்கு நாள் முழுக்க என்ன செய்வதென்று தெரியவில்லை. நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய் அவள் தலைமாட்டில் போட்டார். அங்கிருந்து திரை அவருக்கும் நன்றாகத் தெரியும். அவள் பக்கத்தைத் திருப்ப வேண்டியது, அவர் அதைக் குரலெடுத்து வாசிக்க வேண்டியது என்று ஆகிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கிறோம் என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொன்னார். கட்டிப்பிடிக்கிற இடம் வந்தால், சீக்கிரம் திருப்பு சாலோமி என்று சிரிப்பார்.

பெருவிரல் நின்றுபோயிற்று. நான் காலையில் போனபோது அத்தான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், முகமெல்லாம் வீங்கியிருந்தது. காலும் போய்விட்டது ஜெபா என்றார். ஐயருக்குச் சொல்லி, ஐயர் சபைக்குச் சொல்லி, அன்று சாயங்காலம் வீடு கொள்ளாமல் ஆட்கள் வந்து ஜெபித்தார்கள். அக்காளின் காலை ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். மறுநாள் அத்தான் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரத்தில் கருவியைத் திறந்துவைத்துவிட்டு நான் கொல்லைப் பக்கம் போனேன். கொஞ்சம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கம் திரும்பியது. அவள் கண் வரிகளில் ஓடியது. மறுபடி திரும்பியது. வாசலில் அத்தானின் செருப்புச் சத்தம் கேட்டதும் விரல் அப்படியே கிடந்தது.

சொல்வதா வேண்டாமா என்று நான் யோசிக்கவே இல்லை. யோசிக்கிற ஆள் நானில்லை. அத்தானை முற்றத்துக்குக் கூப்பிட்டேன்.

"காலுக்கு ஒண்ணுமில்ல அத்தான். நீங்க இல்லாதப்போ நல்லாத்தான் திருப்புதா. உங்க சத்தம் கேக்கப்போயிதான் நிறுத்திட்டா."

அவர் கையில் மருந்துப் பையோடு நின்றார். "நான் வாசிக்கது அவளுக்குப் பிடிக்கும்லா?" என்றார்.

அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கேட்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் நேராக உள்ளே போனார். கட்டில் பக்கத்தில் குனிந்து, ஞாயிற்றுக்கிழமைக் குரலெல்லாம் இல்லாமல், பைய கேட்டார்.

"என் சத்தம் ஒனக்கு வேண்டாமா, சாலோமி?"

அக்காள் கண்ணை மூடினாள். ஆமாம் என்பதற்குத் திரும்பத் திறக்க வேண்டும். அவள் திறக்க ரொம்ப நேரமாயிற்று. அவர் அங்கிருந்து நகரும்வரை திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாமே அக்கா என்று எனக்கே தோன்றியது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தமே இல்லை. அத்தான் செய்தித்தாளை மடித்து மேசையில் வைத்தபடியே விட்டுவிடுவார். தொண்டை சரியில்லை என்று சொல்லி வேதபாடம் வாசிப்பதையும் நிறுத்திக்கொண்டார். வருகிறவர்களை வாசலோடு அவரே நிறுத்தி, அவள் வாசித்துக்கொண்டிருக்கிறாள், இங்கிருந்தே ஜெபித்துவிட்டுப் போங்கள் என்பார். சிலருக்கு அதில் வருத்தம். வியாதிக்காரி வீட்டில் வேதத்தைத் தடுக்கிறார் என்றுகூடப் பேசினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. அக்காள் உள்ளே புத்தகம் புத்தகமாக வாசித்துத் தள்ளினாள். அவருக்காக எனக்கு மனசு வலித்தது, அவளுக்காகச் சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு தினமும் போய்வந்தேன்.

ஐப்பசி மழை பிடித்த சமயம் பெருவிரல் நிஜமாகவே விழுந்தது. இந்தத் தடவை அவள் நடிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பக்கம் திரும்பவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. பொத்தானை இடது காலில் கட்டிப் பார்த்தேன். முழங்கை, தாடை எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தேன். எங்கேயும் அழுத்த உயிர் இல்லை.

அத்தான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தானை என்னிடம் கொடு என்று கையை நீட்டினார். நாற்காலியை எடுத்து ஸ்டாண்டுக்குப் பின்னால், கால்மாட்டுப் பக்கம் போட்டார். அங்கிருந்து பார்த்தால் கருவியின் முதுகும் அதற்கு மேலே அக்காளின் முகமும் மட்டும் தெரியும். ஓர் எழுத்துக்கூட அவருக்குத் தெரியாது. "முடிச்சதும் என்னைப் பாரு, நான் திருப்புதேன். வாயத் திறக்க மாட்டேன்" என்றார். அக்காள் கண்ணை மூடினாள், உடனே திறந்தாள்.

அதிலும் முதலில் ஒரு சங்கடம் வந்தது. அவர் இமை கொட்டாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரால் வாசிக்க முடியும்? அவள் வரியை விட்டுவிட்டு எரிச்சலோடு கண்ணை மூடிக்கொண்டாள். நான் சொன்னேன், தலையைக் குனிந்துகொள்ளுங்கள், அவ்வப்போது நிமிர்ந்து ஒரு பார்வை பாருங்கள், அவள் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் அழுத்துங்கள் என்று. அவர் அப்படியே செய்தார். குனிந்து உட்கார்ந்திருப்பார், நிமிர்வார், அவள் பார்த்தால் அழுத்துவார், மறுபடி குனிந்துகொள்வார். நேரமானால் எழுந்து அவள் வாயை நனைப்பார். காய்ந்த கண்ணில் சொட்டு மருந்து விடுவார். மறுபடி வந்து உட்காருவார். ஒரு நாள் என்னிடம் தனியாக, பக்கத்துக்கு ஒரு தடவை என்னைப் பார்க்கிறாள் ஜெபா என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணமானதிலிருந்து இத்தனை தடவை அவள் தன்னைப் பார்த்ததில்லை என்று சொன்னார். 

மூச்சு குறைந்துகொண்டே வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குழாய் போடலாமா என்று மருத்துவர் கேட்டார். அக்காள் வெறித்துப் பார்த்தாள். அவளிடம் மறுபடி கேளுங்கள் என்று அத்தான் மருத்துவரிடம் சொல்லவில்லை. வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அன்றைக்கே, நான் காட்டிய அட்டைகளையெல்லாம் வெறித்துப் பார்த்து, ஒரு தடித்த புத்தகம் வேண்டும் என்று என்னைத் தேடவைத்தாள். இருந்ததில் நீளமானதைக் காட்டினேன், கண்ணை மூடித் திறந்தாள். அவள் எதற்காக அதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். புத்தகம் முடியாமல் கர்த்தர் நம்மை எடுத்துக்கொள்ள மாட்டார் என்று ஒரு நினைப்பு.

அந்தப் புத்தகத்தில் அவள் பாதிகூடத் தாண்டியிருக்க மாட்டாள். சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் மழை விட்டிருந்தது. நான் கஞ்சித்தண்ணி காய்ச்சிக்கொண்டு போனேன். அறையில் விளக்குப் போடவில்லை, திரையின் வெளிச்சம் மட்டும் இருந்தது. அத்தான் குனிந்து உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தார், அழுத்தினார், குனிந்தார். திரும்ப நிமிர்ந்தார், அழுத்தினார். என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்து, எழுந்து வாசலுக்கு வந்து காதோடு சொன்னார்.

"இன்னைக்கு என்ன வேகமா வாசிக்கா தெரியுமா. நான் நிமிர நிமிரப் பாக்கா. கை ஓயல."

நான் உள்ளே போய் அவள் பக்கமாக நின்று திரையைப் பார்த்தேன். கதை முடிந்து, பின்னுரை முடிந்து, விளம்பரங்களும் முடிந்திருந்தன. புத்தகம் பிடித்திருந்ததா, எத்தனை நட்சத்திரம் கொடுக்கிறீர்கள் என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. அவர் எத்தனை நேரமாக அழுத்திக்கொண்டிருந்தாரோ. அக்காளின் நெற்றியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

கஞ்சியைக் கீழே வைத்தேன். அத்தான் மறுபடி நாற்காலிக்குப் போய்ப் பொத்தானைக் கையில் எடுத்திருந்தார். அதை அவர் விரல்களிலிருந்து விடுவித்தேன்.

"அக்கா போயிட்டா, அத்தான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். அத்தனை நாள் கட்டிவைத்திருந்த அந்தப் பெரிய குரல் தெருவரைக்கும் கேட்டது.

"இல்லையே. என்னையத்தான பாத்துட்டு இருக்கா."

அவள் கண்கள் அவர் பக்கம்தான் இருந்தன. நான் குனிந்து மூடினேன்.